நெட்டி முறியும் ஓசை

பேரப்பிள்ளையின் கன்னங்களை இரு கைகளாலும் வழித்துத் தம் நெற்றியோரங்களில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார் பாட்டி. சடசடவென்று ஓசை எழுந்தால், "எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாரு!" என்பார். ஓசை வந்துவிட்டால் ஏதோ ஒரு கெடுதல் கழிந்தது என்ற நம்பிக்கை தமிழர் வீடுகளில் மிகப் பழையது. காலையில் பள்ளித் திடலைச் சுற்றி ஓடி முடித்த மாணவன், இடுப்பில் கைவைத்து உடலை இப்புறமும் அப்புறமும் திருப்புகிறான். முதுகில் 'மடக்' என்று ஒலி கேட்டதும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறான். அதுவும் ஏறத்தாழ அதே நம்பிக்கைதான்.

அந்த ஒலியைத் தேடியே விளையாட்டாளர்கள் பலர் கைரோபிராக்டிக் நிலையங்களுக்குச் செல்கிறார்கள். கைகளால் முதுகெலும்பின் மூட்டுகளை அழுத்தியும் திருப்பியும் தரப்படும் சிகிச்சை இது. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்னும் ஊரில் டேனியல் டேவிட் பால்மர் இதைத் தொடங்கினார். காது கேளாத ஒரு துப்புரவாளரின் முதுகை அழுத்திச் சரிசெய்ததும் அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகப் பால்மர் கூறினார். நோய்களில் பெரும்பாலானவை முதுகெலும்பின் பிசகால் வருபவை என்றும் சொன்னார். மருத்துவ உலகம் அக்கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் சிகிச்சை பரவியது. 1980ஆம் ஆண்டு லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் கைரோபிராக்டிக் வல்லுநர் ஒருவர் முறைப்படி இடம்பெற்றார். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின்கீழ் இத்துறைக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. கோலாலம்பூரில் இதற்கெனப் பட்டப்படிப்பும் உண்டு. ஆகவே, இது தெருவோர வைத்தியமும் அன்று. எல்லா நோயையும் தீர்க்கும் மாமருந்தும் அன்று.

சரி, அந்த 'மடக்' ஒலி எங்கிருந்து வருகிறது? எலும்பு இடம் மாறி அமர்ந்த ஒலி என்றே பலரும் எண்ணுகிறார்கள். மூட்டுக்குள் வழவழப்பான நீர்மம் இருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. நீர்மத்தில் கரைந்திருந்த வாயு பிரிந்து ஒரு வெற்றிடக் குமிழ் தோன்றுகிறது. 2015ஆம் ஆண்டு கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரல் மூட்டு சொடுக்கும் கணத்தைக் காந்த அதிர்வுப் படக்கருவியால் பதிவு செய்தபோது அக்குமிழ் உருவாவதைக் கண்டார்கள். விரல் சொடுக்கினால் மூட்டுவாதம் வரும் என்ற தாயின் எச்சரிக்கையைச் சோதிக்க, அமெரிக்க மருத்துவர் டொனால்டு அங்கர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடக்கை விரல்களை மட்டும் நாள்தோறும் சொடுக்கி வந்தார். அவருடைய இரு கைகளுக்கும் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தாய் சொல்லை மீறுவதற்கு அத்தனை பொறுமை வேண்டியிருந்தது!

இடுப்புவலி உள்ள சிலருக்கு இந்தச் சிகிச்சை வலியைக் குறைக்கிறது. உடற்பயிற்சி தரும் பயனும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால், வலியில்லாத ஒருவரை இது வேகமாக ஓட வைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்புவதில், அரிதாகவேனும், இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்தும் உண்டு. தோழன் ஒருவன் பின்னால் நின்று, "அசையாமல் இரு, எடுத்துவிடுகிறேன்" என்று கழுத்தைப் பிடிக்கும் விளையாட்டு, விளையாட்டே அன்று.

முதுகெலும்பைப் பற்றிப் பேசும்போது உசேன் போல்ட்டைத் தவிர்க்க முடியாது. ஜமைக்காவின் டிரெலானி பகுதியில் 1986ஆம் ஆண்டு பிறந்த அவருடைய முதுகெலும்பு நேரானதன்று. 'எஸ்' என்ற எழுத்தைப்போல் பக்கவாட்டில் வளைந்தது. இக்குறையை ஸ்கோலியோசிஸ் என்பர். வலக்கால் இடக்காலைவிட ஏறத்தாழ அரை அங்குலம் குட்டை. சிறுவயதில் இது பெரிய தொல்லையாக இல்லை. 2002ஆம் ஆண்டு, பதினைந்து வயதிலேயே உலக இளையோர் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். உடல் வளர வளர வளைவின் வேலை தெரியத் தொடங்கியது. தொடையின் பின்தசை அடிக்கடி காயமுற்றது. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஊரில் பலர் அவரை ஏசினர். வலியைக் கண்ணால் பார்க்க முடியாதல்லவா!

அவர் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று விளையாட்டு மருத்துவரைக் கண்டார். முதுகை நிமிர்த்திவிட யாராலும் முடியவில்லை. வளர்ந்தவரின் வளைந்த முதுகெலும்பு ஓர் அழுத்தில் நேராகிவிடாது. வயிறு, இடுப்பு, கீழ்முதுகு ஆகியவற்றின் தசைகளை வலுப்படுத்துவதே வழியாக இருந்தது. முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துவது போன்ற பயிற்சிகளில் கைதட்டும் கூட்டம் இல்லை. 'மடக்' என்ற ஓசையும் இல்லை. தாம் சோம்பேறி என்று போல்ட்டே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. அப்படிப்பட்டவர் ஆண்டுக்கணக்கில் அதைச் செய்தார் என்பதுதான் வியப்பு. முதுகையும் நடுவுடலையும் வலுவாக வைத்திருக்கும்வரை வளைவு தம்மைத் தொந்தரவு செய்வதில்லை என்று பின்னாளில் அவர் கூறினார். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் 100 மீட்டரை 9.69 விநாடியில் கடந்தார். மறு ஆண்டு பெர்லினில் 41 எட்டுகளில், 9.58 விநாடியில் முடித்தார்.

ஸ்கோலியோசிஸ் அரிய குறையன்று. வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. சட்டையைக் கழற்றி, கால்களைச் சேர்த்து நின்று, முன்னோக்கிக் குனிந்தால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியக்கூடும். பள்ளிச்சீருடைக்குள் அது மறைந்தே இருக்கும். தோள்பட்டையில் ஒன்று சற்று உயர்ந்திருப்பதைத் தாய்மார்கள் கவனித்துவிட்டு, "பையைத் தூக்கித் தூக்கி இப்படி ஆயிற்று" என்பார்கள். பை காரணமன்று. எலும்பு வளரும் வயதிலேயே மருத்துவரிடம் காட்டினால், தேவைப்படுவோருக்கு அணிகவசம் தந்து வளைவு மேலும் கூடாமல் தடுக்க முடியும். வளர்ச்சி நின்றபின் அணிகவசத்தால் பயனில்லை.

2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் போல்ட்டின் ஓட்டப் படங்களை அளந்தனர். அவருடைய வலக்கால் தரையை இடக்காலைவிட 13 விழுக்காடு கூடுதல் விசையுடன் உதைத்தது; இடக்கால் தரையில் 14 விழுக்காடு கூடுதல் நேரம் தங்கியது. உலகின் அதிவேக மனிதர் ஒருவகையில் நொண்டியே ஓடியிருக்கிறார். அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்திருந்தால் வேகம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் லண்டனில், தம் கடைசி அஞ்சலோட்டத்தில், போல்ட்டின் தொடைத்தசை மீண்டும் பிடித்துக்கொண்டது. தடத்தில் விழுந்தவர் சற்று நேரத்தில் எழுந்தார். சக வீரர்கள் உடன்வர, எல்லைக்கோட்டை நோக்கி மெல்ல நடந்தார்.