பயிருக்குப் பத்தடி மேலே

2001 ஓகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்ட ஏர் டிரான்சாட் 236, எரிபொருள் கசிந்து அத்திலாந்திக்கின் மேல் இரண்டு எஞ்சின்களையும் இழந்தது. சுமார் 19 நிமிடம் சறுக்கியே வந்து அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள். விமானம் ஓட்டப் பழக வரும் பிள்ளைகள் இந்தக் கதையைத்தான் விரும்பிக் கேட்பார்கள். எனக்கோ, பயிருக்கு மருந்தடிக்கும் சிறு விமானம்தான் பெரிய ஆசான். பயிருக்குப் பத்தடி மேலே எஞ்சின் நின்றால் விமானிக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான்.

அங்கே விமானியின் கையிருப்பு வேகம் ஒன்றே. 100 நொட்டில் போகிறவர் மூக்கை உயர்த்தி 65க்குக் குறைத்தால், காற்றின் தடைக்குப் போனது போக ஏறத்தாழ 200 அடி உயரம் கிடைக்கும். அதே கணத்தில் அவசரக் கைபிடியை இழுத்துத் தொட்டி மருந்தைக் கொட்டிவிட வேண்டும். பாரம் குறைந்தால் மெதுவாகவே தரை தொடலாம். அடுத்தது மனம் ஒப்பாத வேலை: நிலம் நெருங்கி வரும்போதே மூக்கைத் தாழ்த்துவது. இழுத்துப் பிடித்தால் இறக்கை தாங்காது, விமானம் கல்லாக விழும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஆசை பலரைக் கொன்றிருக்கிறது. எதிரே தெரிகிற வயல் போதும்.

மருந்தடிக்கும் விமானத்தைக் கட்டியவர்களும் இப்படி விழ நேரலாம் என்று எண்ணியே கட்டினார்கள். பிரெட் வைக் டெக்சாஸில் உருவாக்கி 1950இல் பறந்த ஏஜி-1 என்ற மருந்தடிக்கும் விமானத்தில், மருந்துத் தொட்டி எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே இருந்தது. முன்பாகம் நொறுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்.

நான் பழக்கும் பிள்ளைகளிடமோ, ரொறன்ரோவுக்கு அருகே உக்ஸ்பிரிட்ஜ் பக்கம் செஸ்னா 172 சிறு விமானத்தில், 3,000 அடியில் பவரைக் குறைத்துவிட்டு, "தம்பி, எங்க இறங்கப்போறீர்?" என்று கேட்பேன். சுமார் 8 கிலோமீட்டர் சறுக்கலாம். ஆனாலும் பலர் அப்போதுதான் கீழே பார்க்கிறார்கள். மருந்தடிக்கும் விமானியோ வேலை தொடங்குமுன்பே வயலைச் சுற்றி வந்து, கம்பி எங்கே, உழவுசால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மனதில் பதித்திருப்பார். மின்கம்பி கண்ணில் படாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும். சாலுக்குக் குறுக்கே இறங்கினால் சக்கரம் மாட்டிக் கவிழும். ஓகஸ்டில் சோளம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். வேறு வழியில்லாவிட்டால் பயிரின் உச்சியையே தரையாக எண்ணி இறங்க வேண்டும். முடிந்தவரை காற்றை எதிர்த்து இறங்கினால் தரைவேகம் குறையும். 60 நொட்டில் தொடுவதைவிட 45இல் தொட்டால், அடியின் சக்தி ஏறக்குறையப் பாதிதான்.

அடுத்தமுறை பறக்கும்போது, பயிற்றுநர் பவரைக் குறைக்கும்வரை காத்திராதீர்கள். எந்த வயல், காற்று எந்தப் பக்கம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.