நாற்பது மில்லிலீற்றர் தண்ணீர்

வேலணைப் பக்கம் ஒரு பெற்றோல் செற். அதன் பின்வேலியோரம், பூவரசு நிழலில், வெள்ளை பிவிசி குழாயொன்று முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. மூடிக்குப் பூட்டு. கப்பி இல்லை, கட்டு இல்லை, எட்டிப் பார்த்தால் முகம் தெரியாது. ஆனாலும் இது கிணறுதான். நிலத்துக்குக் கீழே புதைத்திருக்கும் எரிபொருள் தாங்கி ஒழுகினால், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகுமுன் இங்கே தெரியவேண்டும். அதற்காகத் துளைத்தது.

மாதிரி எடுக்க வந்த இருவரோடும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒருவர் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த இளம் தொழில்நுட்பவியலாளர். மற்றவர் புங்குடுதீவுக்காரர், கிணறு வெட்டியும் இறைத்தும் தலை நரைத்தவர். தங்கச்சி, அண்ணை என்றுதான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். என்னைக் கண்டதும் தங்கச்சி கேட்ட முதற்கேள்வி: “வாற வழியில மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் அடிச்சனீங்களோ?”

ஓம் என்றேன்.

“அப்ப போத்தில் ஒண்டையும் தொடாதேங்கோ. சைக்கிளையும் அங்கால றோட்டில விட்டிட்டு வாங்கோ.”

குடிநீரில் பென்சீன் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. அந்த அளவில் தேடுபவருக்கு என் விரலில் ஒட்டியிருக்கும் வாடையே பெரிய எதிரி.

அண்ணை பூட்டைத் திறந்து, மூடியை எடுத்த கையோடு முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். பிறகு நுனியில் உணரி பொருத்திய அளவு நாடா மெல்ல இறங்கியது. எண்ணெய் பட்டால் ஒரு சத்தம், தண்ணீர் பட்டால் வேறொரு சத்தம். கேட்டது தண்ணீரின் சத்தம்தான். தங்கச்சி ஆழத்தோடு நேரத்தையும் எழுதினார். கடல் பெருகுவதும் வற்றுவதும் இந்தக் குழாய்க்குள் வரை வரும். நேரம் எழுதாத ஆழம் எதற்கும் உதவாது.

அடுத்தது அடியில் குண்டு வால்வு உள்ள மெல்லிய குழாய். அதைத் தொபுக்கென்று போட்டால் தண்ணீர் கலங்கி, ஆவியாகக்கூடியது ஆவியாகிவிடும். கிணற்றுக்குள் வாளி விட்டுப் பழகிய கை, இங்கே சத்தமே இல்லாமல் இறக்குகிறது. மேலே வந்த நீரைத் தங்கச்சி 40 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்திலில் சொட்டுச் சொட்டாக விட்டார். வாய் நிறைந்து நீர் மேலே குவிந்து நின்றபின்தான் மூடி. தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பார்த்தார். கடுகளவு குமிழி ஓடியது. ஊற்றிவிட்டார். குமிழிக்குள் பென்சீன் போய்விடுமாம்.

அடுத்த போத்திலிலும் குமிழி. இம்முறை குற்றம் கையில் இல்லை, கல்லில். நுண்ணுயிர்கள் மாதிரியைத் தின்னாமலிருக்கப் போத்திலில் முன்கூட்டியே கொஞ்சம் அமிலம் விட்டிருப்பார்கள். தீவகத்துத் தண்ணீரிலோ கரைந்த சுண்ணாம்பு. அமிலம் பட்டதும் நுரைக்கிறது. ஆகவே அமிலமில்லாத போத்தில். அதற்கு விலை உண்டு: ஐசில் வைத்தாலும் 14 நாள் தாங்கவேண்டிய மாதிரி 7 நாள்தான் தாங்கும்.

இந்தக் கல்தான் எல்லாவற்றையும் சிக்கலாக்குகிறது. மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், உள்ளே பொந்தும் வெடிப்பும். மாரி மழையில் ஊறிய நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. இங்கே அது அவ்வளவு தாராளமாக நடப்பதில்லை. பெற்றோல் தண்ணீரைவிட இலேசு என்பதால் அதற்கும் மேலே மிதக்கும். வேறிடங்களில் பழுதான நீரை இறைத்துச் சுத்திகரிப்பார்கள். இங்கே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து சவர் ஏறிவிடும். ஒழுகிய பின் திருத்தும் வழி பாதி அடைபட்ட ஊரில், ஒழுகுமுன் அளப்பதைத் தவிர வேறு புத்தி இல்லை.

இந்தப் பாடத்தைச் சுன்னாகத்தில் பிந்தித்தான் படித்தோம். மின்நிலைய வளாகத்துக் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த 150 கிணறுகளில் 109 இல் எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மேல். வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு விதமாகச் சொன்னது. அறிக்கைகள் ஒன்றோடொன்று மோதின, சனம் பவுசருக்குக் காத்திருந்தது. கடைசியில் 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம், அந்த மின்நிலையத்தை நடத்திய நொதேர்ண் பவர் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்றது. ஆளுக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா. ஒரு கிணற்றுக்கு அந்த விலை! எண்ணெய் வருமுன் எடுத்த அளவுகள் ஒரு கொப்பியில் இருந்திருந்தால் வழக்கில் பாதி வாதம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அங்கே எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. பெற்றோல் அந்தத் தயவையும் காட்டாது. எண்ணெய், கிரீஸ் சோதனையில் கரைப்பானை ஆவியாக்கி மிஞ்சியதை நிறுப்பார்கள். பென்சீனும் கூடவே பறந்துவிடும். நாக்கை நம்பவும் முடியாது. பென்சீன் நாக்குக்குத் தெரிய லீற்றருக்கு 500 மைக்கிரோகிராமாவது வேண்டும், அதாவது வழிகாட்டி அளவின் ஐம்பது மடங்கு.

பக்கத்து வீட்டு ஆச்சி இதை ஏற்கவில்லை. “தண்ணி மணக்கேல்லையே பிள்ளை, பிறகென்னத்துக்கு இந்தப் பாடு?” ஆனால் கிணற்றடி மூலையில் நிறநிறமாக ஒரு படலம் கிடப்பதைக் காட்டினார். தங்கச்சி தடியால் கீறினார். படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே கிடந்தது. “பெற்றோல் எண்டா திருப்பி ஒட்டியிருக்கும் ஆச்சி. இது இரும்புக் கறள்ல வாற கிருமி.” உள்ளே எப்போதோ விழுந்த வாளியொன்று கிடப்பதாக ஆச்சி ஒப்புக்கொண்டார். மாதிரி எடுக்காமல் விடவில்லை என்பது வேறு கதை.

உண்மையில் முதற் காவல்காரன் செற்றில் வேலை செய்யும் பொடியன்தான். தினமும் தாங்கிக்குள் அளவுகோல் விட்டு இருப்பைக் கணக்குப் பார்ப்பது அவன் வேலை. கோலின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை பூசுவார்கள். மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது ஓட்டைத் தாங்கிக்குள் தண்ணீர் புகும், பசை காட்டிக்கொடுக்கும். கணக்கில் துண்டு விழுவதை ‘ஆவியாப் போச்சு’ என்று எழுதாமலிருந்தால் போதும்.

நெடுந்தீவில் இந்த வசதிகூட இல்லை. எரிபொருள் பரல்களில் படகேறிப் போகிறது. மின்சாரமும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் சேர்த்த கலப்புத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் ஆனது. டீசல் குறையும். படகுகளின் மண்ணெண்ணெயும் பெற்றோலும் குறையப்போவதில்லை.

“பரல் உருட்டிற இடமெல்லாம் குழாய் இறக்கேலாது தங்கச்சி. இருக்கிற கிணறுகளில துவங்குவம்,” என்றார் அண்ணை. எந்தெந்தக் கிணறு என்று, நெடுந்தீவுக்குப் படகேறக் குறிகட்டுவான் போகும் வழி முழுக்கப் பேச்சு. அவர் கரையோரத்துக் கிணறுகளைச் சொன்னார். தங்கச்சிக்கு மின்நிலையப் பக்கம் முதலில் வேண்டும். படகு ஓடாத நாள் வந்தால் ஏழு நாள் கணக்கு என்னாகும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கவலை.