அறியாதார்க்கு விற்றல்

விற்றலும் கொள்ளலுமின்றி உலகில் ஒரு நாளும் கழிவதில்லை. கடை வைத்து விற்பானுக்குப் பெயருண்டு, பலகையுண்டு, குறை கண்டால் மறுநாட் சென்று கேட்பதற்கு இடமுண்டு. ஆயின் ஒருவன் தான் வழங்கிய விலையுயர்ந்த பொருளை, முன்பின் அறியாத மற்றொருவனுக்கு ஒரே முறை விற்கும்போது இவற்றுள் ஒன்றுமில்லை. விற்றவனும் கொண்டவனும் அன்றோடு பிரிவர். மீண்டும் காண்டல் அரிது. அத்தகைய வாணிகத்திற் பொருளும் மன அமைதியும் எவ்வாறு காக்கப்படும் என்பதை, எமது குடும்பத்து நிகழ்ச்சியொன்றைத் துணைக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இப்பொருள் புதியதன்று. பழைய அணியொன்றை அயலானிடம் விற்கச் சென்றவனது அழிவையன்றோ சிலப்பதிகாரம் கூறுகின்றது? கொலைக்களக் காதையிற் கோவலன், கண்ணகியை மாதரியின் பாதுகாப்பில் இருத்தி, இணைச் சிலம்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தனியே மதுரை வீதி புகுகின்றான். எதிரே கொல்லர் பலர் பின்வர நடந்த ஒருவனைக் கண்டு, அவன் கோலத்தால் அரண்மனைக்குரியவன் என்று தெளிந்து, சிலம்பின் விலையை மதிப்பிட இயலுமோ என வினவுகின்றான். அவனோ கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்து மறைத்த கள்வன். தன் இல்லத்தருகே அவன் காட்டிய இடத்திற் கோவலன் காத்திருக்க, கொலையாளர் அங்கேயே வந்து சேர்கின்றனர்.

கோவலன்மேற் குற்றஞ் சுமத்துதல் எம் கருத்தன்று. ஊழின் வலியை அடிகளே உணர்த்தியுள்ளார். ஆயினும் நான்கு செய்திகள் ஈண்டு நோக்கத்தக்கன. அவன் தனியே சென்றான்; கோலங் கண்டு தெளிந்தான்; அயலான் குறித்த இடத்தில் தங்கினான்; பொருள் தனதென்று நாட்டும் சான்றாகிய மற்றைச் சிலம்பு அவனுடன் இல்லை. வழக்குரை காதையில், கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கண்ணகி உடைக்க, மாணிக்கப் பரல் தெறித்தபோது உண்மை விளங்கிற்று; காலமோ கடந்துவிட்டது. இக்காலத்துச் சென்னையில் விற்பாரைக் கெடுக்கும் வாயில்களும் இந்நான்கேயாம்.

அறியாதாரோடு செய்யும் வாணிகத்தைப் பலர் அறிய நடத்துதல் முன்னோர் கண்ட காப்பு. நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவர். விலைதான் மறைவேயன்றி, பேச்சு நிகழ்வது சந்தை நடுவில், தரகர் முன்னிலையில். ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தில், ஏத்தின் புத்திரரிடை அந்நியனாக வாழ்ந்த ஆபிரகாம் எப்பெரோனிடம் நிலம் வாங்கியபோது, 400 சேக்கல் வெள்ளியை ஊர் வாசலில் யாவரும் கேட்க நிறுத்துக் கொடுத்தான். சாட்சி, இடம், நிறை என்னும் மூன்றும் அன்றே அமைந்திருந்தன.

இது நிற்க. அடையாற்றில் வாழும் எம் பெரியப்பா பல்லாண்டுகள் திருமணங்களுக்கு நிழற்படம் எடுத்தவர். சென்ற ஆண்டு அவரது வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. பெரியம்மாவின் முழங்காலுக்கு அறுவை மருத்துவமும் வேண்டியிருந்தது. ஆதலின் தம் நிக்கான் டி750 காமிராவையும் இரண்டு லென்ஸுகளையும் விற்றுத் தருமாறு எம்மிடம் கூறினார். பழைய காமிரா வாங்கும் கடையொன்றிற் கேட்டோம். அவர்கள் கூறிய விலை, தனியாரிடம் பெறத்தக்கதிற் பாதிக்குச் சிறிதே மிகுதி. கடைக்காரரும் பிழைக்கவேண்டுமன்றோ? விரைவும் அச்சமின்மையும் வேண்டுவார் அவ்விலைக்கே கொடுத்துவிடுதல் தகும். எமக்கோ ஒவ்வோராயிரமும் மருத்துவமனைக்கு வேண்டியிருந்தமையால், தனியாருக்கு விற்கத் துணிந்தோம்.

விளம்பரஞ் செய்யுமுன் பொருளை ஆயத்தப்படுத்தினோம். காமிராவின் அடிப்புறத்தும் லென்ஸுகளிலும் பொறித்த வரிசை எண்களைக் குறித்து, வாங்கிய ரசீதோடு ஒப்பிட்டோம். கடல் அருகிலுள்ள நம் நகரின் ஈரக்காற்றில் லென்ஸினுள் பூஞ்சை பிடித்தல் இயல்பு. பெரியப்பா அவற்றைச் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்திருந்தமையாற் கண்ணாடி தெளிவாயிருந்தது. ஒரு லென்ஸின் விளிம்பிற் கீறலொன்று இருந்தது. அதை விளம்பரத்திலேயே படத்துடன் கூறினோம். ஷட்டர் இயங்கிய கணக்கு ஏறத்தாழ 62,000; 1,50,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்ட வகை அது; அதனையும் எழுதினோம். குறை மறைத்து விற்பார்க்கு, வாங்குவோனை ஐயுறும் உரிமை ஏது? நினைவட்டைகளை மட்டும் கொடுப்பதில்லையென முடிவு செய்தோம். அழித்த படங்களையும் மீட்டெடுக்க இயலும். அவற்றிலிருந்தவை பிறர் வீட்டு மங்கலங்கள். வீட்டு முகவரியும் வரிசை எண்ணும் ரசீதின் படமும் விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

விளம்பரம் வந்த ஒரு மணிக்குள் முதல் அழைப்பு வந்தது. பேசியவர் தாம் இராணுவத்திற் பணிபுரிவதாகவும், மாற்றலாகிச் செல்வதால் நேரில் வர இயலாதெனவும், கேட்ட விலையை முழுதும் தருவதாகவும் கூறி, சீருடையணிந்த படமுள்ள அடையாள அட்டையொன்றை அனுப்பினார். பொருளைக் காணாமலே, ஒரு ரூபாயும் குறைக்காமலே வாங்குவோர் உலகிலுண்டோ? அடுத்துக் கியூ.ஆர். குறியீடொன்று வந்தது, அதனைப் படித்து இரகசிய எண்ணை இட்டாற் பணம் எம் கணக்கில் வந்து சேருமாம். யு.பி.ஐ. முறையில் இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டுவதில்லை. இதனை அறிந்திருந்தமையால் அவ்வழைப்பை அங்கேயே முடித்தோம். தனியார் ஒருவர் மற்றொருவரிடம் பணங்கோரி அனுப்பும் கோரிக்கை முறையை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியுள்ளது. ஆயினும் குறியீட்டை அனுப்பி ஏய்க்கும் வழி அடைபடவில்லை. கொல்லன் கோலங் கண்டு கோவலன் தெளிந்தது போலச் சீருடை கண்டு தெளிவார் இன்றும் உளர். நம்மைக் காக்கும் வீரர்மீது நாம் வைத்த மதிப்பே வஞ்சகர் கையில் தூண்டிலாகின்றது என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் வருந்துகின்றது.

வேறு சில தந்திரங்களும் கேள்வியுற்றோம். பணம் அனுப்பியதாகப் பொய்த் திரைப்படம் ஒன்றைக் காட்டுதல். வங்கியிலிருந்து வந்ததுபோற் குறுஞ்செய்தி அனுப்பி, ‘தவறி மிகுதியாக அனுப்பிவிட்டேன், எஞ்சியதைத் திருப்பித் தருக’ என்று கெஞ்சுதல். தாம் வாராது கூலியாளை அனுப்பிப் பொருளைப் பெறுதல் என்பன அவை. இவற்றினும் நுண்ணிய தீங்கொன்றுண்டு. வாங்குவோன் வேறொருவரை ஏமாற்றிய பணத்தை நம் கணக்கிற் செலுத்துவானாயின், அவர் முறையிட்டபின் குற்றமற்ற நம் கணக்கும் முடக்கப்படலாம். ஆதலின் பணம் எதிரே நிற்பவரின் சொந்தக் கணக்கிலிருந்தே வரவேண்டும். கணக்கிற் காணும் பெயரும் அடையாள அட்டையின் பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். ஏமாற்றப்பட்டோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைப்பின், பணம் கைமாறிச் செல்லுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

ஐந்தாம் நாள் தியாகராய நகரிலிருந்து இளைஞர் ஒருவர் அழைத்தார். தாம் நிழற்படக் கலைஞர் ஒருவரிடம் உதவியாளராயிருப்பதாகவும், முதன்முதலாகச் சொந்தக் காமிரா வாங்க விழைவதாகவும் கூறினார். கீறலைப் பற்றி வினவினார். விலையைக் குறைத்துக் கேட்டார். இவ்விரண்டும் எமக்கு நம்பிக்கை தந்தன. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு ரங்கநாதன் தெருவின் பின்புறச் சந்தொன்றிற் சந்திக்கலாம் என்றார். யாமோ மயிலாப்பூர் லஸ் முனையில், வங்கிக்கருகிலுள்ள காப்பி விடுதியில், முற்பகல் பதினொரு மணிக்கு வருமாறு வேண்டினோம். சிறிது தயங்கி உடன்பட்டார்.

குறித்த நாளிற் பெரியப்பாவும், எம் வகுப்புத் தோழர் ஒருவரும், யாமும் சென்றோம். இளைஞர் அரைமணி நேரம் காமிராவைச் சோதித்தார். லென்ஸை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து நோக்கினார். சாலையைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னர்த் தாழ்ந்த குரலில், “ஐயா, ரசீதைக் காட்டுவீர்களா?” என்றார். பெரியப்பா எடுத்து நீட்டவும், வரிசை எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பெருமூச்செறிந்தார். முன்னொரு முறை குறைந்த விலைக்கு வந்த காமிராவொன்றை ரசீதில்லாமையால் வேண்டாமென்று விட்டாராம். திருட்டுப் பொருளென்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ நேர்மையின்றி வாங்குதல், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். அறியாது வாங்கினும் பொருள் நிலைப்பதரிது. விற்பவனுக்கில்லாத உரிமை பொதுவாக வாங்குபவனுக்கு வாராதென்பது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் நெறி. ஆண்டுகள் பல சேர்த்த பணத்தோடு வந்த அவருக்கு எம்மைக் கண்டு இருந்த அச்சம், அவரைக் கண்டு எமக்கிருந்ததினும் குறைந்ததன்று. எதிர் மேசையில் நெடுநேரமாக ஒரே காப்பியை அருந்திக்கொண்டு எம்மையே நோக்கியிருந்தவர் அவருடைய தோழர் என்பதும் அப்பொழுதே தெரிந்தது. எம் தோழரும் அவரையே கண்காணித்திருந்தார். யாவரும் நகைத்தோம்.

அதன்பின் யாவும் எளிதாயின. 92,000 ரூபாய்க்கு விலை முடிந்தது. பெயர், நாள், வரிசை எண்கள், விலை, கீறல் ஆகியவற்றை இரு படிகளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். யு.பி.ஐ. வழி ஒரு நாளில் அனுப்பத்தக்க பொது வரம்பாகிய 1,00,000 ரூபாய்க்குள் தொகை அடங்கிற்று. முதலில் ஒரு ரூபாய் அனுப்பினார். பெயர் சரியெனக் கண்டபின் 91,999 ரூபாய் அனுப்பினார். அவர் கைப்பேசியை நோக்காது, பெரியப்பாவின் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைக் கண்டபின்னரே பொருளைக் கொடுத்தோம். “தம்பி, மழையில் நனைய விடாதே” என்று மட்டும் கூறி, பெரியப்பா கழுத்துப் பட்டையைத் தம் கையாலேயே அவருக்கு அணிவித்தார். அக்கை அப்பொழுதும் நடுங்கிற்று.

ஆராயாது ஒருவனைத் தெளிதலும், தெளிந்தபின் அவனை ஐயுறுதலும் தீராத் துன்பந் தரும் என்பது திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் 51ஆம் அதிகாரத்தின் முடிபு. ஆராய்தல் அயலானை இழிவு செய்வதாகுமென்று நம்மிற் பலர் கூசுகின்றனர். உண்மையில் நன்னோக்குடன் வந்தவனுக்கு அதனினும் சிறந்த மரியாதை இல்லை. அவன் அச்சமும் அதனாலேயே தீர்கின்றது. பகலையும் பலர் கூடும் இடத்தையும் எழுத்தையும் கண்டு கூசுபவன் வஞ்சகனே.

கல்லூரி நீங்கிச் செல்லும் நண்பர்காள்! மடிக்கணினியோ, இருசக்கர வண்டியோ, காமிராவோ விற்க நேருங்கால், துணையோடு செல்லுங்கள். இடத்தை நீங்களே குறியுங்கள். சான்றை உடன் கொண்டு செல்லுங்கள். பணத்தை உங்கள் கணக்கிற் கண்டபின் பொருளைக் கொடுங்கள். எதிரே நிற்பவரும் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய பொழுதை முகங்கோணாது அளியுங்கள். அவருக்கும் நீங்கள் அறியாதாரே.