பாக்கி யார் பக்கம்?

வாடகை வராத வீட்டுக்காரன் புலம்பினால் கேட்க எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். நானும் டீக்கடையில் அப்படிப் புலம்பியவன்தான். அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்கு ஒரு மாடி வீடு. இரண்டாவது மாடியில் குடியிருந்தவர் கொரோனா சமயத்தில் பத்து மாதம் வாடகை தராமல் இழுத்தடித்தார், அவரைக் காலி செய்ய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதுதான் நான் சொல்லிவந்த கதை. சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம்.

முதலில் அட்வான்ஸ். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது வெகுகாலப் பழக்கம். அவருக்கு வாடகை 12,000, அட்வான்ஸ் 1,20,000. அந்தப் பணம் நம்முடையதல்ல, காலி செய்யும் அன்று எண்ணிக் கொடுக்க வேண்டியது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் செலவழித்தேன். கீழ்வீட்டு அட்வான்ஸில் மேல்தளத்துக்குக் கம்பி கட்டினேன். மேல்தளத்துக்கு ஆள் வந்ததும் அந்த அட்வான்ஸில் டைல்ஸ் போட்டேன். ஒருவர் காலி செய்தால், புதிதாக வருபவரிடம் வாங்கி இவர் கையில் கொடுப்பேன். டு-லெட் போர்டு மாட்டிய சில நாளிலேயே ஆள் வந்துவிடும் ஊரில் இந்தச் சுழற்சி தடையில்லாமல் ஓடியது.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஏப்ரலில் வாடகை நின்றது. தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை மார்ச் 29-ம் தேதி உத்தரவு போட்டிருந்தது. அவர் அதைக் காட்டி வாதாடவில்லை. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்" என்று மட்டும் சொன்னார். ஜூலை கடைசியில் கணக்கோடு இறங்கி வந்தார். "நாலு மாசம் கழிச்சா மீதி 72,000 வருது. அதைக் கொடுத்தீங்கன்னா ஊருக்கே போயிடறோம் சார். வேன் திரும்ப எப்ப ஓடும்னு தெரியல."

இதைவிட நியாயமாக ஒரு குடித்தனக்காரர் பேச முடியாது. வாடகை நின்ற வீட்டை எந்தச் சண்டையும் இல்லாமல் திருப்பித் தருகிறேன் என்கிறார். நான் 72,000 கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளெல்லாம் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்கப் போய்விட்டார்கள். சந்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் டு-லெட் போர்டு. புது ஆள் வரவில்லையென்றால் பழைய ஆளுக்குக் கொடுக்கப் பணம் ஏது?

அதைச் சொல்ல வாய் வரவில்லை. "இந்த நேரத்துல எங்க தம்பி போவீங்க? இருங்க. வாடகையை யாரு கேட்டா?" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து தூக்கில் பாயசம் வந்தது. குடித்துவிட்டுத் தூக்கைக் கழுவி அனுப்பினேன். 'வாடகையே வேண்டாம்னு சொல்லிட்டாராமே' என்று தெருவில் பேசிக்கொண்டதையும் மறுக்கவில்லை.

2021 ஜனவரியில் நிலைமை மாறியது. அட்வான்ஸ் கழிந்து கழிந்து தீர்ந்துபோயிருந்தது; இனி நான் திருப்பித் தர வேண்டியது பெரிதாக எதுவுமில்லை. வீடு கேட்டு ஓரிருவர் வரவும் தொடங்கியிருந்தார்கள். ஜூலையில் "இருங்க" என்ற அதே வாயால் "காலி பண்ணுங்க" என்றேன். பள்ளிக்கூடம் திறக்கும்வரை இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார். நான் மொட்டைமாடிக்குப் போய் அவர் வீட்டு டாங்கிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை மூடினேன். கேட்டதற்கு மோட்டார் ரிப்பேர் என்றேன். அவர் மனைவி சம்ப் பக்கத்துக் குழாயில் பிடித்துக் குடம் குடமாக இரண்டு மாடி ஏறினார். படிக்கட்டு ஓரம் நாற்காலி போட்டு நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அவர் குடத்தோடு வரும்போது காலை மட்டும் மடக்கி வழி விடுவேன். அந்த மாதம் முடிவதற்குள், அதே வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வக்கீலிடம் போயிருக்கலாம். போனால் அவர் முதலில் கேட்பது "அட்வான்ஸ் எவ்வளவு இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே போகவில்லை. பிறகு வேறொரு விஷயமாக ஒரு வக்கீலைப் பார்த்தபோதுதான் வழி இருந்தது தெரிந்தது. கர்நாடக வாடகைச் சட்டம் 1999, பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான். 11 மாத அக்ரிமெண்ட் முடிந்து, புதுப்பிக்காமல் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் அது மாதக் குடித்தனம். 106-வது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து அதை முடிக்கலாம். காலி செய்யாவிட்டால் ஸ்மால் காஸ் கோர்ட்டில் வழக்கு. பாக்கியை வசூலிக்க மூன்று வருட அவகாசம் உண்டு. வழக்கு இழுக்கும்தான், அந்த இழுப்பைத் தாங்கத்தான் கையில் அட்வான்ஸ் இருக்க வேண்டும். இரண்டு மாதம் பாக்கி விழுந்ததும் நோட்டீஸ் விட்டால், மிச்ச எட்டு மாதப் பணம் நமக்குக் காவல். அதைக் கம்பியாகவும் டைல்ஸாகவும் மாற்றிவிட்டவனுக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை.

வால்வை மூடுவதும் பூட்டை மாற்றுவதும் எந்தச் சட்டத்திலும் இல்லை. குடித்தனக்காரரை அடாவடியாக வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்பக் குடியேறலாம். 1963-ம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. 2021 ஜூன் 2-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டமும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்கிறது. வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. மாநில அரசு சட்டமாக்கினால்தான் அது செல்லும். ஆனால் அட்வான்ஸுக்கு வரம்பு எதற்கு என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டு மாத அட்வான்ஸ்தான் வாங்குகிறேன். அது தனிக் கணக்கில் இருக்கிறது. பத்தாம் தேதி தாண்டினால் நானே மாடியேறிக் கேட்டுவிடுகிறேன்.

கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து மாதம்; வாடகை 1,20,000; அட்வான்ஸும் அதே 1,20,000. நடுவில் அக்டோபரில், வேனில் காய்கறி விற்றுக் கிடைத்தது என்று 5,000 கொண்டுவந்து கொடுத்தார். ஆக, போகும்போது அவர் எனக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை; நான்தான் அவருக்கு 5,000 தர வேண்டும். பெயிண்டிங் செலவு என்று சொல்லி அதையும் பிடித்துக்கொண்டேன். தெருவில் இன்றும் அவருக்கு வாடகை கொடுக்காமல் போனவர் என்றுதான் பெயர்.