கயிறு பிடிக்கிறவர்கள்

ஹீரோ ஒரு குத்து விட்டதும் அடியாள் பத்தடி பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுகிறான். தியேட்டரில் விசில் ஹீரோவின் கைக்கு. ஆனால் அந்தக் குத்துக்குப் பலம் கொடுப்பது, வாங்குகிறவனின் உடம்பும் கேமராவுக்கு வெளியே நின்று கயிறு இழுக்கிறவர்களின் கைகளும்தான். வடபழனியில் ஃபைட்டராக ஆரம்பித்து, இடுப்பு ஒத்துழைக்காமல் போனபின் ரோப் பக்கம் வந்தவன் நான். இரண்டு வேலையும் தெரியும்.

குத்து முகத்தில் படாது. முஷ்டிக்கும் தாடைக்கும் நடுவே அரையடியாவது இடைவெளி இருக்கும். கேமரா சரியான கோணத்தில் நின்றால் அது தெரியாது. முஷ்டி தாடையைக் கடக்கிற அதே நொடியில் கயிறு இழுபட வேண்டும். முந்திவிட்டால் அடி வாங்கும் முன்பே ஆள் மிதப்பான். பிந்தினால் தலை திரும்பி நின்ற பிறகு உடம்பு தனியாகக் கிளம்பும். அதனால் நான் அடிக்கிறவரின் கையைப் பார்ப்பதே இல்லை. கை வருவதைப் பார்த்து இழுத்தால் பிந்திவிடும். அவருடைய பின்னங்கால் குதிகாலைத்தான் பார்ப்பேன். குதிகால் தரையை விட்டு எழும்பினால் குத்து புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஃபைட்டரின் சட்டைக்குள் ஹார்னஸ் இருக்கும். அதில் மாட்டிய கயிறு கிரேனில் உள்ள கப்பி வழியாக எங்கள் கைக்கு வரும். ஆளைத் தூக்குவதற்கு முன் அவர் எடைக்கு மணல் மூட்டை கட்டி இழுத்துப் பார்ப்போம். மூட்டை எங்கே விழுகிறதோ அங்கேதான் பெட். உயரத்திலிருந்து விழுவதென்றால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, மேலே மெத்தை போடுவோம். பெட்டி நசுங்கும்போது விழுகிற வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும், ஆளைத் திருப்பி எகிற விடாது. முன்பெல்லாம் திரையில் தெரியக்கூடாதென்று மெல்லிய கம்பியில் ஆளைத் தொங்கவிட்டார்கள். இப்போது கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்பதால் தடித்த கயிறே கட்ட முடிகிறது. எங்கள் தொழிலுக்குக் கிடைத்த பெரிய வரம் இது.

'உயிரைப் பணயம் வைத்து நடித்தார்' என்று போஸ்டரில் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஆபத்தைப் போலக் காட்டி, ஆபத்தை அகற்றி வைப்பதுதான் ஸ்டண்ட். 1980 நவம்பரில், சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், ஹெலிகாப்டரில் தொங்கும் காட்சியில் மலையாள நடிகர் ஜெயன் இறந்தார். ஷாட் ஓகே ஆன பிறகும் இன்னொரு டேக் கேட்டார் என்று இன்றுவரை சொல்கிறார்கள். 2016இல் பெங்களூரு அருகே 'மாஸ்தி குடி' படப்பிடிப்பில், ஹெலிகாப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த இரண்டு நடிகர்கள் மூழ்கிப் போனார்கள். அவர்களிடம் லைஃப் ஜாக்கெட் இல்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம், கார் பாயும் காட்சியில் எங்கள் ஆள் ஒருவர் போய்விட்டார்.

கோரிக்கையோடு செல்போன் டவரில் ஏறி நிற்பவர்களை டிவியில் பார்க்கும்போதும் இதே கலக்கம்தான். பட்டாவுக்காகவோ நின்றுபோன சம்பளத்துக்காகவோ ஏறியிருப்பார். ஊரே அண்ணாந்து பார்க்கும். அதிகாரி ஓடி வருவார். அதுவும் ஸ்டண்ட்தான், பார்க்க வைப்பதற்காகச் செய்வது. ஆனால் அவர் இடுப்பில் ஹார்னஸ் இல்லை, கீழே பெட் இல்லை, மறுமுனையில் கயிறு பிடிக்க யாருமில்லை. மனு கொடுத்தபோதே யாராவது காது கொடுத்திருந்தால் அவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கவே மாட்டார்.

எங்களுக்கும் அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. சண்டை அமைப்புக்கு முதல் தேசிய விருது, 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்னுக்கு 2017இல் கிடைத்தது. ஸ்டண்ட்டுக்கான ஆஸ்கர் 2028இல்தான் தொடங்கப்போகிறது. சந்தோஷம். ஆனால் நான் கவலைப்படுவது புதிதாக வரும் பையன்களைப் பற்றி. இன்னொரு டெஸ்ட் கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறார்கள். "கேளு தம்பி. மூட்டையை இன்னொரு தடவை தூக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மேனேஜர் கத்தினா நான் பேசிக்கிறேன்" என்று ஒவ்வொரு செட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.