ஒலி பதியாத சாட்சி

கோவை காந்திபுரம் மத்திய பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சந்து. இரவு 11.40. பேக்கரியின் பாய்லர் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு தேங்காய் பன், ஒரு தட்டில் மிச்ச வர்க்கி. ஓரத்துப் பெஞ்சில் ஆறிய டீயோடு நான்.

கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா. சந்தைப் பார்த்தபடி தகரக் கூரைக்கடியில் இன்னொன்று. வெளியே இருப்பதைச் சுற்றிச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் மினுங்குகின்றன. இருட்டியதும் அது அகச்சிவப்பு ஒளியில் பார்க்கத் தொடங்கும்; நிறமெல்லாம் போய்க் கருப்பு வெள்ளையாகிவிடும். சிலந்திக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. ஒற்றை நூல் இழுத்தாலும் திரையில் வெள்ளைக் கயிறாகத் தொங்குகிறது. டீ மாஸ்டர் ஸ்டூலில் ஏறித் துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்குகிறார்.

மக்கள் கூடும் கட்டடங்களில் கேமராவைக் கட்டாயமாக்கி 2012 டிசம்பரில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. இன்று காவல் துறை சொல்லாமலேயே பெட்டிக்கடைக்காரர்கூட ஒன்று மாட்டிக்கொள்கிறார். 2023 நவம்பரில் இதே காந்திபுரத்தின் நூறடி சாலையில் ஒரு நகைக்கடையில் நள்ளிரவில் கிலோக்கணக்கில் நகை போனபோது, தனியாக நுழைந்த ஆளின் உருவத்தைக் கேமராதான் காட்டிக்கொடுத்தது. பெரும்பகுதி நகையும் திரும்பி வந்தது. கண்ணின் அருமை இந்த ஊருக்குத் தெரியும்.

சேலம் பஸ்ஸில் வந்திறங்கிய பெண் ஒருத்தி பெட்டியை இழுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வருகிறாள். இருபது வயது இருக்கும். போனைக் காதில் வைத்தபடியே சந்தின் இரு முனையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். மாஸ்டர் உள்ளே போய், தான் உட்காரும் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போடுகிறார்.

"உக்காருங்க அம்மணி. யார் வர்றாங்க?"

"அண்ணனுங்க. அன்னூர்ல இருந்து பைக்ல வர்றாரு."

"வரட்டுங்க. அதுவரைக்கும் கடை இருக்கும்."

தமிழகத்தில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுக்க நின்ற மனிதர், தன் பங்குக்கு வந்த நாற்காலியைத் தந்துவிட்டுக் கல்லாவில் சாய்ந்து நிற்கிறார்.

எதிரே விடிய விடியத் திறந்திருக்கும் பெரிய கடை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று 2019 மே மாதம் அரசு அனுமதித்தது; 2022-லும் 2025-லும் அதை நீட்டித்தது. இரவு எட்டுக்கு மேல் பெண்கள் வேலை செய்ய அவர்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பாதுகாப்பும் வாகன வசதியும் தர வேண்டும். இந்த பேக்கரியில் ஆறே பேர். அந்தச் சலுகை இவர்களுக்கு இல்லை.

அதனால்தான் ரோந்து பைக்கின் விளக்கு தெரிந்ததும் கடைப் பையன் ஷட்டரைப் பாதி இறக்குகிறான்.

"என்னப்பா, இன்னும் சாத்தலயா? கேமரா ஓடுதா?"

"ஓடுதுங்கய்யா. இந்தப் புள்ளையோட அண்ணன் வந்துட்டிருக்காருங்க. வந்ததும் சாத்திடறோம்."

காவலர் அவளைப் பார்க்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வண்டியை ஸ்டாண்டில் போட்டு எஞ்சினை அணைக்கிறார். "ஒரு டீ போடு" என்கிறார்.

இதைப் பார்க்கையில் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இரவு நேரக் கடைகளுக்கென்றே ஒரு சட்டம் உண்டு. கேமரா வேண்டும், வண்டி நிறுத்துமிடத்தில் விளக்கு வேண்டும், ஓடுகிறவனின் உயரம் தெரிய வாசலில் அளவுக்கோடு வேண்டும். கொலையோ கொள்ளையோ நடந்துவிட்ட கடை என்றால், இரவு 11 முதல் காலை 5 வரை இரண்டாவது ஆள் வைப்பதும் அங்கே சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு துணையும் வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தோன்றியிருக்கிறது. இங்கே அந்தத் துணை, எந்த விதியும் கேட்காமல், டீ ஆற்றிக்கொண்டிருக்கிறது.

12.15. பைக் வந்து நிற்கிறது. பெட்டியை முன்னால் வைத்துக் கட்டுகிறார்கள். "போய்ட்டு வர்றேனுங்கண்ணா" என்கிறாள், மாஸ்டரைப் பார்த்து. காவலரும் கிளம்புகிறார். பையன் நாற்காலியை உள்ளே எடுத்துப்போகிறான். ஷட்டர் தரையைத் தொடுகிறது.

பல கடைக் கேமராக்களைப் போல இதிலும் ஒலி பதிவாகாது. நாளைக்கு யாராவது ஓட்டிப் பார்த்தால், ஓர் ஆள் நாற்காலியை வெளியே கொண்டுவருவதும், அரை மணி கழித்து ஒரு பையன் உள்ளே எடுத்துப்போவதும் கருப்பு வெள்ளையில் தெரியும். நடுவே புழங்கிய 'ங்க' ஒன்றுகூட அதில் இருக்காது. கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அதனால் எழுதிவைக்கிறேன்.