பள்ளிவாசல் சீனி



எங்கள் வாப்பா வஃபாத்தான பின்னர் அவருடைய அலமாரியைத் திறந்தபோது, துணிமணிகளைவிட ஒலிநாடாக்களே மிகுதியாக இருந்தன. பெரும்பாலானவை நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடல்கள். ரமலான் ஸஹர் வேளைகளில் எங்களைத் துயிலெழுப்பியது அந்தக் கம்பீரக் குரல்தான். 2015 ஏப்ரலில் ஹனிபா மறைந்த செய்தி வந்த இரவு, வாப்பா உணவருந்தாமலே படுத்துக்கொண்டார்.

வளைகுடாவிலிருந்து வந்திருந்த எங்கள் மூத்த காக்கா, அந்த நாடாக்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார். "இசைக்கருவி கலந்தது இது. வாப்பாவின் பெயரால் இந்த வீட்டில் ஒலிக்க வேண்டாம்" என்றார். தங்கைகளும் தம்பியுமாகிய நாங்கள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவருடன் மனம் விட்டுப் பேசுவதையும் நிறுத்திவிட்டோம். இத்தாவில் இருந்த உம்மாவோ எதற்கும் வாய் திறக்கவில்லை. மய்யித்து வீட்டைவிட்டுச் சென்ற நாளிலிருந்து அவர் கண்ணில் ஒரு துளி நீரும் வரவில்லை. எங்களை மிகவும் அச்சுறுத்தியது அதுதான்.

இசைக்கருவிகள் கூடாதென்பதே நம் மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு. இப்னு ஹஸ்ம் போன்றோர் அதில் மாறுபட்டனர். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யாவில், செவியேற்பதன் ஒழுக்கங்களுக்கெனத் தனியொரு பகுதியே எழுதினார்கள். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் பாடிக்கொண்டிருந்த சிறுமியரை அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாமெல்லாம் அறிவோம். இவற்றையெல்லாம் காக்காவிடம் எடுத்துரைத்திருக்கலாம். ஆனால் வாதத்தில் வென்றால் உம்மா அழுதுவிடுவாரா?

அந்த ஆண்டு ரமலானில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்து அனைவரும் வீட்டில் இருந்தோம். இளையவன் தன் மடிக்கணினியில் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தை ஓடவிட்டான். மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ஈரானியப் படம். தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட சிறுவன் ஒருவன், வீட்டின் வறுமையறிந்து தந்தையிடம் சொல்ல அஞ்சி, தன் ஒற்றை இணைக் காலணியை அவளுடன் முறைவைத்து அணிகின்ற கதை. ஆட்டமும் பாட்டுமில்லாத படம் என்பதால் காக்காவும் ஓரமாக அமர்ந்தார்.

படத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு காட்சி. அந்த ஏழைத் தந்தை, பள்ளிவாசலுக்குரிய சீனிக்கட்டிகளைச் சிறு துண்டுகளாக உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டுவருகிறாள். சீனி கேட்கிறார். எதிரிலேயே இவ்வளவு குவிந்திருக்கிறதே என்கிறாள் சிறுமி. அது பள்ளிவாசலுடையது, நம்முடையதல்ல என்று மறுத்துவிடுகிறார் தந்தை.

உம்மா திடீரென்று, "உங்க வாப்பா" என்றார்.

பிறகு நாங்கள் அறிந்திராத ஒன்றைச் சொன்னார். ஜமாஅத்தின் கணக்கு வாப்பாவிடம் இருந்த காலம். மழைக்காலத்து நள்ளிரவில் பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல். கையில் காசில்லை, பள்ளிவாசல் பணம் மட்டும் ஒரு துணிப்பையில் பெட்டிக்குள் இருந்தது. காலையில் திருப்பி வைத்துவிடலாமே என்று உம்மா மன்றாடினாராம். வாப்பா அந்தப் பையைத் தொடவில்லை. மழையில் நனைந்தபடி இரண்டு தெரு தாண்டிச் சென்று, உறங்கியவர்களை எழுப்பிக் கடன் வாங்கி வந்தாராம்.

"காய்ச்சல்ல கெடந்தது நீதான்" என்று காக்காவைப் பார்த்துச் சொன்னார் உம்மா.

காக்கா எழுந்து சென்று உளூச் செய்துவந்தார். உம்மாவின் அருகில் அமர்ந்து சூரா யூசுஃபை ஓதலானார். அல்லாஹ் தன் தூதருக்கு அழகிய வரலாறாக அறிவித்த அத்தியாயம் அது. மகனைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதையும், தம் கவலையை அவர்கள் அல்லாஹ்விடமே முறையிட்டதையும் ஓதியபோது காக்காவின் குரல் உடைந்தது. உம்மா அழுதார். ஸஹர் வரை அழுதார். நாங்களும் அழுதோம்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொல்லி, பிறர் ஓதக் கேட்க விரும்பி, கேட்டுக் கண்ணீர் வடித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அழ முடியாத நெஞ்சங்களுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன? எங்கள் உம்மாவின் உள்ளத்தைத் திறந்தது இறைவேதம்தான். ஆயினும் அந்த வாசல் வரை எங்களை அழைத்துவந்தது ஒரு படத்தின் சிறு காட்சி என்பதை மறைத்தால் நாங்கள் நன்றி மறந்தவர்களாவோம்.

மறுநாள் காக்கா பரணிலிருந்து சாக்கை இறக்கினார். "என் கருத்து மாறவில்லை, நான் கேட்கமாட்டேன். ஆனால் இவை வாப்பாவின் பொருள்கள். ஒளித்துவைக்க எனக்கு உரிமையில்லை" என்று கூறி உம்மாவிடம் ஒப்படைத்தார். உம்மா இப்போது வெள்ளி இரவுகளில் மெல்லிய ஒலியில் ஒரு நாடாவைக் கேட்கிறார். காக்கா ஊரில் இருந்தால், அந்நேரம் திண்ணைக்குச் சென்றுவிடுகிறார். பாட்டு முடிந்ததும் உள்ளே வந்து உம்மாவுக்குக் குர்ஆன் ஓதிக் காட்டுகிறார். நாங்கள் இரண்டையும் கேட்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் வாப்பாவின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக. கேட்பவற்றிலும் காண்பவற்றிலும் உன்னை நினைவூட்டுபவற்றின்பால் எங்கள் உள்ளங்களைத் திருப்புவாயாக. ஆமீன்.